அத்தியாயம் 7: அடிபட்ட கோழியைத் தேற்றுதல்

பொன்னேரிப் பக்கத்து வீடுகளில் கோழி எந்த நேரத்தில் அடிபடும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். விடியற்காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்ற வரும் கம்பெனி வண்டிகள் தெருவில் திரும்பும் நேரம் ஒன்று. பெரியவர்கள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கும் போய், வீடு பூட்டிக் கிடக்கிற பிற்பகலில் தெருநாய் புகுகிற நேரம் ஒன்று. பொழுது சாய்ந்து கோழிகள் கூடு அடையும்போது கீரியோ காட்டுப்பூனையோ வருகிற நேரம் இன்னொன்று.

எங்கள் வீட்டுச் சிறுவிடைக் கோழி மாட்டியது இரண்டாவது நேரத்தில். ஐப்பசி மாதம், மழை விட்டிருந்த பிற்பகல். வேலை முடிந்து வந்து பார்த்தால் வாசலெல்லாம் இறகு. கோழி விறகு அடுக்குக்குப் பின்னால் ஒண்டிக் கிடந்தது. வால்பக்கத்து இறகு மொத்தமும் பிய்ந்து, முதுகில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அதனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே தேறாதும்மா, உசுரு இருக்கும்போதே அறுத்துடு, வீணாப் போவுது" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் பார்த்த கோழிகளில் பல அப்படித்தான் செத்திருக்கின்றன.

அந்தக் கோழி பிழைத்தது. தை மாதக் கடைசியில் பன்னிரண்டு முட்டையோடு அடைக்கு உட்கார்ந்தது. அதைத் தேற்றியபோதும், பிறகு வேறு பல கோழிகளைப் பார்த்தபோதும் தெரிந்துகொண்டது இதுதான்: காயமே கோழியைக் கொல்வது குறைவு. காயத்துக்குப் பின் வரும் அதிர்ச்சி, தாகம், ஈ ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் கொல்கின்றன. இந்த மூன்றையும் வீட்டிலேயே தடுக்கலாம். முதல் மூன்று நாள் கவனமாக இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

முதல் அரை மணி நேரம்

அடிபட்ட கோழியைத் துரத்தாதீர்கள். ஓடி ஓடியே அது செத்துப்போகலாம். மெதுவாக மூலையில் ஒதுக்கி, ஒரு பழைய துண்டை மேலே போர்த்தி, இறக்கைகளை உடம்போடு சேர்த்து இரண்டு கையாலும் எடுங்கள். முகம் துண்டுக்குள் இருட்டில் இருந்தால் அடங்கிவிடும்.

நெஞ்சை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நமக்கு இருப்பது போன்ற உதரவிதானம் கோழிக்குக் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தால், மூக்கும் வாயும் திறந்திருந்தாலும் மூச்சு முட்டும். இதே காரணத்தால், அடிபட்ட கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும், வண்டி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டுக் கொண்டுபோவதும் கூடவே கூடாது.

ரத்தம் வந்தால் சுத்தமான பருத்தித் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள். ஒன்றரைக் கிலோ கோழியின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான், டீக்கடைக் கண்ணாடி டம்ளர் அளவு. நகம் முறிந்து ரத்தம் கசிந்தால், கொஞ்சம் மைதா மாவை அழுத்தி வைத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்து வேண்டியது இருட்டும் சூடும். ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, அடியில் பழைய துணி விரித்து, கோழியை உள்ளே வைத்து மூடுங்கள். கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதனால் நல்ல கோழியின் கால் எப்போதும் நம் கைக்கு வெதுவெதுப்பாகவே இருக்கும். கால் சில்லென்று பட்டால் அதிர்ச்சியில் இருக்கிறது என்று பொருள். வெந்நீரை பாட்டிலில் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். பல்பு போடுவதானால் பழைய குண்டு பல்புதான் உதவும், எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கட்டும், வேண்டாதபோது கோழி நகர்ந்து கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் இந்தச் சூடு தேவையே இல்லை. அப்போது நிழலும் காற்றும் உள்ள இடம்தான் வேண்டும்.

காயத்தைக் கழுவுவதும் மருந்து போடுவதும் இதற்குப் பிறகுதான். ரத்தம் நின்றுவிட்டால் அரை மணி நேரமாவது தொடாமல் விடுங்கள்.

உடம்பைத் தடவிப் பார்ப்பது

கோழி வலியை மறைக்கும் உயிர். சோர்ந்து நின்றால் மற்ற கோழிகளே கொத்தும் என்பதால், எழுந்து நிற்க முடிகிற வரை ஒன்றும் நடக்காதது போலவே நிற்கும். ஆகவே கண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தலையிலிருந்து வால் வரை இறகை விலக்கிப் பாருங்கள்.

நாய்ப்பல் பட்ட இடம் வெளியே சின்ன ஓட்டையாகத்தான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். கீரி பெரும்பாலும் கழுத்தைப் பிடிக்கும். பூனைக்கடி பார்க்கச் சிறியதாக இருந்தாலும், அதன் வாயிலுள்ள கிருமியால் ஒன்றிரண்டு நாளில் கோழி செத்துப்போகலாம். பூனை கடித்தது உறுதியானால் காயத்தின் அளவைப் பார்க்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். குடித்த தண்ணீர் காயம் வழியாகக் கசிந்தால் தீனிப்பை கிழிந்திருக்கிறது. முதுகிலோ விலாவிலோ உள்ள காயத்தில் மூச்சுக்கு மூச்சு காற்றுக்குமிழ் வந்தால், உள்ளே காற்றுப்பை கிழிந்திருக்கிறது. இரண்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. காற்றுக்குமிழ் வரும் காயத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது, ஊற்றினால் நேரே மூச்சுப்பாதைக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காயமே இல்லாமல் கோழி நொண்டினால், கழுத்து முறுக்கிக்கொண்டால், பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால், அது அடிபட்ட கோழி ஆகாது. வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். உடனே மற்ற கோழிகளிடமிருந்து பிரித்துவிட்டு, கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள்.

காயத்தைக் கழுவும் முறை

அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்புப் போட்டு வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, காயத்தின் மேல் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவுங்கள். மண், எச்சில், ஒட்டிய இறகு எல்லாம் போகும்வரை கழுவ வேண்டும். எங்கள் கோழிக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயிற்று. காயத்தைச் சுற்றி ஒரு விரல்கடை அகலத்துக்கு இறகைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் தோலும் சேர்ந்து கிழியும்.

கழுவியபின் பீட்டாடைன் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, பால் ஊற்றாத லேசான டீயின் நிறத்துக்குக் கொண்டுவந்து, பஞ்சில் நனைத்து ஒற்றுங்கள். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் இப்படிச் செய்தால் போதும். காயம் உலர்ந்து பொருக்குத் தட்டியபின் தினமும் கிளறக் கூடாது. உரிந்த தோல் காய்ந்து சுருண்டாலும் அடியில் புதுத்தோல் வளர்ந்து வரும். கோழித்தோலுக்கு அந்தத் திறன் அதிகம். எங்கள் கோழிக்கு உள்ளங்கை அகலக் காயம் நான்கு வாரத்தில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியது.

சுண்ணாம்பு, காப்பித்தூள், மண்ணெண்ணெய், ஸ்பிரிட், மிளகாய்த்தூள் எதுவும் காயத்தில் வேண்டாம். இவை திசுவைச் சுட்டுவிடும், காயம் ஆறுவது தள்ளிப்போகும். வீட்டில் தையல் போடவும் முயலாதீர்கள். அழுக்கை உள்ளே வைத்துத் தைத்தால் சீழ் கட்டும்.

ஈயும் புழுவும்

பொன்னேரி, மீஞ்சூர், பழவேற்காடு பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈ அதிகம். திறந்த காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். காலையில் சுத்தமாக இருந்த காயத்தில் மறுநாள் காலை புழு நெளிவதைப் பார்க்கலாம். அடிபட்ட கோழியைத் திறந்த வாசலில் கூடையால் கவிழ்த்து வைப்பதுதான் இதற்கு முதல் காரணம். ஒரு பழைய கொசுவலைத் துண்டால் கூட்டை முழுக்க மூடிவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

புழு வந்துவிட்டால் உப்புநீரால் பலமுறை பீய்ச்சி, மிச்சத்தை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். பிறகு தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துக் காயத்தின் மேல் மெல்லத் தடவலாம். சீத்தா இலை அரைத்த விழுதும் புழுவை வெளியேற்றும். தஞ்சாவூரில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி தொகுத்துப் பரப்பிய மரபுவழிக் கால்நடை மருத்துவத்தில், மாடுகளின் புழுப்புண்ணுக்கு முதல் நாளில் இவற்றைத்தான் சொல்கிறார்கள். கோழிக்குப் போடும்போது காயத்தோடு நிறுத்துங்கள். இறகெல்லாம் எண்ணெய் பட்டால் உடம்புச் சூடு தங்காது. மாட்டுப் புண்ணில் அந்துருண்டை பொடித்துப் போடுவதும், ஃபினாயில், டர்பன்டைன் ஊற்றுவதும் ஊரில் உள்ள வழக்கம். கோழிக்கு இவை விஷம்.

காலோ இறக்கையோ ஒடிந்தால்

இறகில்லாத, செதில் மூடிய கால்தண்டில் ஒடிந்திருந்தால் வீட்டிலேயே கட்டலாம். முதலில் மெல்லிய பஞ்சு சுற்றுங்கள். இரு பக்கமும் ஐஸ் குச்சியோ, நான்கைந்து ஈர்க்குச்சிகளைச் சேர்த்தோ வைத்து, மேலே மைக்ரோபோர் பிளாஸ்டர் சுற்றுங்கள். குச்சியின் முனை தோலில் குத்தாமல் பஞ்சு வெளியே தெரிய வேண்டும். கட்டியபின் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். மறுநாள் விரல் வீங்கியோ சில்லிட்டோ இருந்தால் கட்டு இறுக்கம், அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். கோழியின் எலும்பு நம் எலும்பைவிடச் சீக்கிரம் கூடும், மூன்று வாரம் பெரும்பாலும் போதும். தொடை எலும்பு ஒடிந்தால் குச்சி நிற்காது, மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

இறக்கை ஒடிந்தால், இயல்பாக மடங்கி இருக்கும் நிலையில் உடம்போடு சேர்த்துக் காடாத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். நல்ல இறக்கை வெளியே இருக்கட்டும். துணிக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் கட்டிவைத்தால் மூட்டு இறுகிவிடும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். மேல் இறக்கையின் எலும்பு உள்ளே காலியானது, காற்றுப்பையோடு சேர்ந்தது. ஈரத்துணியால் மூடி மருத்துவரிடம் எடுத்துப்போங்கள்.

தண்ணீரும் தீனியும்

முதலில் தண்ணீர், பிறகுதான் தீனி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, முதல் நாள் முழுதும் அதையே வையுங்கள். தானாகக் குடிக்காவிட்டால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள். கோழி தானே அலகை அசைத்து விழுங்கும். வாயைப் பிளந்து ஊற்றக் கூடாது. நாக்கின் அடியிலேயே மூச்சுக்குழல் வாய் திறந்திருக்கிறது, ஊற்றிய தண்ணீர் அதற்குள் போனால் கோழி நம் கையிலேயே செத்துவிடும்.

தண்ணீர் குடித்துக் கொஞ்சம் தெளிந்த பிறகு, வேகவைத்த முட்டை மஞ்சள்கருவை நொய்யரிசிக் கஞ்சியோடு பிசைந்து கொடுங்கள். தன் இனத்தின் முட்டையாயிற்றே என்று தயங்க வேண்டாம், தோல் வளர அதைவிடச் சத்தானது வீட்டில் இல்லை. இரண்டாம் நாளிலிருந்து ஊறவைத்த கம்பு, கேழ்வரகு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை தரலாம். கரையான் கிடைத்தால் மிக நல்லது. பழவேற்காட்டுக் கருவாட்டை இடித்துப் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. உப்புக் கருவாடு வேண்டாம். கோழிக்கு அதிக உப்பு நஞ்சு, தண்ணீர் சரியாகக் குடிக்காத கோழிக்கு இன்னும் ஆபத்து.

தேறுகிறதா என்பதை இரண்டு இடத்தில் பார்க்கலாம். ஒன்று தீனிப்பை: மாலையில் நிறைந்து, காலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் மாவு போலக் கனத்துக் கிடந்தால் செரிக்கவில்லை. இன்னொன்று நெஞ்செலும்பு: நாளுக்கு நாள் கத்தி போலத் துருத்தினால் கோழி இளைக்கிறது. தராசு இருந்தால் தினமும் ஒரே நேரத்தில் எடைபோட்டு எழுதி வையுங்கள்.

வேலைக்குப் போகிற வீட்டுக்கு

'நாள் முழுதும் பக்கத்திலேயே இருக்க ஆள் வேண்டுமே' என்று பலர் தயங்குகிறார்கள். தேவையில்லை. அடிபட்ட கோழிக்கு ஆளைவிட அமைதிதான் தேவை. முதல் ஷிப்டு போகிறவர் புறப்படுமுன் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்: காயம் பார்த்தல், துணி மாற்றல், தண்ணீர், தீனி. திரும்பி வந்ததும் அதே பதினைந்து நிமிடம். இரவில் ஒரு முறை எட்டிப் பார்த்தல். நடுவில் தண்ணீரைக் கோழி கவிழ்க்காமலிருக்கக் கனமான மண்சட்டியில் வையுங்கள். கூடு மற்ற கோழிகளின் கண்ணுக்குத் தெரிய, ஆனால் அலகுக்கு எட்டாமல் இருக்கட்டும். சிவந்த காயத்தைக் கண்டால் கூடப்பிறந்த கோழியே கொத்தும்.

ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமையல் பாத்திரத்தைக் கோழிக்குப் புழங்காதீர்கள். கோழியைக் காப்பாற்றப் போய் நாய் உங்களைக் கடித்திருந்தால், கோழி அப்புறம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தும் மருத்துவரும்

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுக்காதீர்கள். குறிப்பாக டைக்ளோஃபினாக் பறவைகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததற்கு அந்த மருந்து காரணம் என்று தெரிந்தபின், 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தருவதை இந்திய அரசு தடை செய்தது. ஆன்டிபயாட்டிக்கையும் கடைக்காரர் பேச்சில் வாங்கிப் போடாதீர்கள். மனிதர்களுக்குக் கடைசி மருந்தாக வைத்திருக்க வேண்டிய கோலிஸ்டினை உணவுக்கான கால்நடைகளுக்குத் தருவதை 2019-ல் தடை செய்ததும், கண்டபடி மருந்து கொடுத்ததன் விளைவால்தான். மருத்துவர் ஆன்டிபயாட்டிக் தந்தால், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று கேட்டு, அத்தனை நாளும் தள்ளுங்கள்.

பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி வட்டாரங்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் உண்டு. 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிக் கேட்கலாம். பெரிய சிகிச்சை வேண்டுமென்றால், 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னை சென்ட்ரலிலிருந்து அதிக தூரமில்லை. 'கோழிக்கெல்லாமா ஆஸ்பத்திரி' என்று யாராவது கேட்டால் கூச்சப்படாதீர்கள்.

குடல் வெளியே வந்திருந்தால், முதுகெலும்பு முறிந்து இரண்டு காலும் உணர்வின்றிக் கிடந்தால், மூன்று நாளாகியும் தண்ணீரே குடிக்காவிட்டால், இழுத்துக்கொண்டு கிடக்க விடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டு வலியில்லாமல் முடித்துவிடுவதும் கோழிக்குச் செய்யும் நன்மைதான். மருந்து கொடுத்த கோழியைக் குழம்புக்கு எடுக்கக் கூடாது. ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

கூட்டத்தோடு சேர்ப்பது

காயம் மூடி, இறகு முளைக்கத் தொடங்கியபின் சேருங்கள். முதல் வாரம் வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிற்கட்டும். பிறகு மாலையில், கூடு அடையும் நேரத்துக்குச் சற்று முன் உள்ளே விடுங்கள். இருட்டில் சண்டை குறைவு. காலையில் இரண்டு இடத்தில் தீனி வையுங்கள். நன்றாகத் தேறியபின், கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுவிடுங்கள். நாயிடமிருந்து தப்பிய கோழி கழிச்சலில் சாகக் கூடாது.

கையோடு வைத்திருக்க வேண்டியவை

• பீட்டாடைன் திரவம், பஞ்சு, மைக்ரோபோர் பிளாஸ்டர்
• ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு, இடுக்கி, சிறு கத்தரி
• ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு
• காடாத் துணி, பழைய துண்டு, கொசுவலைத் துண்டு
• ஐஸ் குச்சி நான்கு, அட்டைப்பெட்டி ஒன்று

இவ்வளவையும் வாங்க ஒரு நாட்டுக்கோழியின் விலைகூட ஆகாது. ஒரு சிறுவிடைக் கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும், அடைக்கு உட்கார்ந்து குஞ்சுகளை வளர்த்துக் கொடுக்கும். அந்தக் கணக்கை விட்டுவிட்டாலும், நாம் வாசலில் வளர்த்த உயிர் அடிபட்டால் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்தான். இன்றைக்கே ஒரு டப்பாவில் இவற்றைப் போட்டுக் கூட்டின் பக்கத்தில் மாட்டி வையுங்கள். அடிபட்ட பிறகு தேடுவதற்கு நேரம் இருக்காது.